குடிக்காதவனின் கல்லீரல்

மச்சான்,

ரிப்போர்ட் வாங்கச் சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து அறையில் யாருக்கோ ஊசி போட்டார்கள் போலிருக்கிறது. பஞ்சில் நனைத்த ஸ்பிரிட் வாடை வெளியே வந்தது. நீ போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த வாடைக்கு அதெல்லாம் தெரியவில்லை, என்னைச் செம்மங்குப்பத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நம் கெமிக்கல் கம்பெனி வாசலுக்கு எதிரே தகரக் கொட்டகையில் ஒருவர் ஊசி போடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். நமக்கு அவர்தான் டாக்டர். உடம்பு வலித்தால் ஊசி, சளி பிடித்தால் ஊசி, ஒன்றும் இல்லாவிட்டால் தெம்புக்கு ஓர் ஊசி. ஸ்பிரிட்டை மட்டும் தாராளமாகத் தேய்ப்பார். எல்லாருக்கும் ஒரே ஊசிதான். சுடுதண்ணீர் டம்ளரில் ஒரு முக்கு முக்கி அடுத்த ஆளுக்குப் போடுவார். "சீக்கிரம் வா மச்சான், கூட்டம் சேந்தா ஊசி மொட்டையாயிடும்" என்று என்னை இழுத்துக்கொண்டு போவாய். அதற்கு நாம் எத்தனை தடவை சிரித்திருப்போம்.

நான் ஷிஃப்ட் இன்சார்ஜ், நீ ஆபரேட்டர். எதை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று எழுதிய பேட்ச் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டால்தான் நீ ரியாக்டரில் சரக்கை ஏற்றுவாய். ஒருநாள் அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டேன். மேனேஜர் வந்து நின்று கத்தியும் நீ வால்வைத் தொடவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் என் தங்கை செல்வியை உனக்குக் கொடுத்தேன்.

அப்புறம் உன் கண் மஞ்சளித்தது, வயிறு வீங்கியது. ஸ்கேன் பார்த்த டாக்டர் லிவர் சுருங்கிவிட்டது என்றார். குடிப்பாரா என்றுகூட அவர் கேட்கவில்லை. எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று என்னைக் கேட்டார். நீ குடித்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் நம்பிவிட்டேன். எனக்குத் தெரியாமல் குடித்திருக்கிறான், என் தங்கையை ஏமாற்றிவிட்டான் என்று ஆத்திரம் தலைக்கேறியது. எதிலும் முதலில் ஆளைத்தான் பிடிப்பேன், காரணத்தை அப்புறம்தான் தேடுவேன். சரக்கு கெட்டால் ஆபரேட்டரைத் திட்டிப் பழகிய வாய் இது.

மஞ்சக்குப்பத்து அம்மன் கோவிலுக்கு உன்னை ஆட்டோவில் ஏற்றிப் போனேன். கற்பூரத்தைக் கொளுத்தி, இனிமேல் குடிப்பதில்லை என்று அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாய். "குடிச்சதே இல்லன்னு ஆயிரம் கற்பூரம் அணைக்கிறேன் மச்சான். விட்டுடறேன்னு ஒன்னுகூட அணைக்க மாட்டேன்" என்றாய். கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது. பயந்துதான் தொடவில்லை என்று நானாக முடிவுகட்டினேன். உன் காரியத்துக்குக் காடாம்புலியூரிலிருந்து வந்திருந்த உன் அண்ணனிடமும், எவ்வளவோ சொல்லியும் குடியை விடவில்லை என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி என்று வந்தது. பல வருஷமாகக் கல்லீரலில் குடியிருக்கும் வைரஸாம். பழைய ஊசியால் வந்திருக்கலாம் என்றார் சிதம்பரத்து டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டுக்கொண்டு, என் பாஷையிலேயே விளக்கினார்.

செல்லுக்குள் ரைபோசோம் என்று லட்சக்கணக்கில் இருக்கின்றனவாம். அவைதான் அங்கே ஆபரேட்டர்கள். ஆர்.என்.ஏ. என்று ஒரு சீட்டு வரும். அதில் உள்ள வரிசைப்படி புரதத்தைக் கோத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. வைரஸிடம் சொந்தமாக ரைபோசோம் கிடையாது. அது கொண்டுவருவது சீட்டு மட்டும்தான். கையெழுத்துப் பார்க்காதா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். நம் செல்லின் சீட்டுகளுக்கு முன்னால் தொப்பி மாதிரி ஓர் அடையாளம் உண்டாம். பொதுவாக அதைப் பார்த்துத்தான் வேலை தொடங்கும். இந்த வைரஸின் சீட்டில் அது இல்லை. அதன் முன்பகுதி ஒரு தினுசாக மடிந்து கிடக்கும். அந்த மடிப்பே ரைபோசோமைப் பிடித்து, தொடங்க வேண்டிய இடத்தில் உட்கார வைத்துவிடும். அப்புறம் ஒரே நீளச் சங்கிலியாகப் புரதம் வரும், துண்டு துண்டாக வெட்டுப்படும். சில துண்டுகள் வைரஸுக்கு உறையாகும்; ஒரு துண்டு அதே சீட்டை நகலெடுக்கும் மெஷின். அந்த மெஷினையும் நம் செல்தான் செய்து கொடுக்கிறது.

"அப்ப ரைபோசோமத்தான் நிறுத்தணும்" என்றேன். பழைய புத்தி.

"அத நிறுத்துனா நீங்களும் நின்னுடுவீங்க சார். அது மேல தப்பு இல்ல. நகல் எடுக்கறத நிறுத்தத்தான் மாத்திர."

எழுந்து வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன். ஒரு சொட்டுகூடக் குடிக்காதவனுக்கு இதனால் லிவர் சுருங்குமா என்று கேட்டேன். சுருங்கும் என்று வெகு சாதாரணமாகச் சொன்னார். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன் மச்சான். என் வியாதிக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து, சீக்கிரம் குணமாகிவிடும் என்று அவர் தேற்றினார்.

நேரே கடலூர் பஸ் ஏறிச் செல்வி வீட்டுக்குப் போனேன். உன் ஃபைலை பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். நடுவில் ஒரு பழைய தாள். என் ரிப்போர்ட்டில் இருந்த அதே வைரஸின் பெயர், எதிரே அதே பாசிட்டிவ். நாம் யாரும் அதைப் படிக்கவில்லை. படித்துச் சொல்ல வேண்டியவர்களும் சொல்லவில்லை. செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"எங்கிட்ட ஒரு தடவ சொன்னாரு, குடிக்கலன்னு. அதுவே எனக்குப் போதும், ரெண்டாவது தடவ கேக்கவே இல்லண்ணா" என்றாள். காரியத்தில் யாரிடம் சொன்னாயோ அவர்களிடம் போய் இதையும் சொல்லிவிட்டு வா என்றாள்.

மறுநாளே காடாம்புலியூர் போனேன். உன் அண்ணன் முந்திரித் தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த நெனப்போடவே செத்துருந்தா, மேல போயி அவன் மூஞ்சியில எப்டி முழிச்சிருப்பேன் தம்பி" என்றார்.

செல்விக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதித்துப் பார்த்தோம். ஒருவருக்கும் இல்லை. நான் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, இன்னும் மூன்று மாதம் காத்திருந்து எடுத்த பரிசோதனையின் ரிப்போர்ட்தான் இன்று வாங்கியது. ரத்தத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. இல்லை. இத்தனை நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன். நீ இருந்தபோது இந்த மாத்திரை நம் பக்கம் வரவில்லையாம். லிவர் அவ்வளவு சுருங்கிய பிறகு அன்றைய மருந்தை உன் உடம்பு தாங்கியும் இருக்காதாம். நான் உன்னை நம்பியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. அதைக் கேட்டதில் பாதிப் பாரம் இறங்கியது. ஆனால் நம்பியிருக்கலாம்.

ஒன்று மட்டும் போகாது என்றார் டாக்டரம்மா. வைரஸை எதிர்க்க என் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் அப்படியே தங்கிவிடும். முதலில் எடுக்கும் சாதாரணப் பரிசோதனையில் காலத்துக்கும் பாசிட்டிவ் என்றே காட்டும். எங்கே போய் ரத்தம் கொடுத்தாலும் ஏன் இப்படி என்று கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும் என்று வருத்தப்பட்டார். எனக்கு வருத்தம் இல்லை மச்சான். கேட்கட்டும். கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன், என் மச்சானுக்கும் இதுதான் வந்தது, அவன் குடிக்காதவன் என்று.