நத்தை சமைத்த ஞாயிறு

அக்டோபர் 5, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. மிளகுக் கொடியடி எல்லாம் சேறு. தீபாவளி பிளவுஸ் ஆறு வெட்ட வேண்டும். ஒன்றுகூட வெட்டவில்லை.

என் வீட்டுக்காரர் லிஸ்பனிலிருந்து வந்து ஒன்பது நாள். இரண்டு வருடம் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வாயைத் திறந்தால் நத்தைக் கதை. இன்றைக்கும்:

"மே மாசம் பொறந்தா, கோட்டைக்கு ஏறுற சந்து பூரா பூண்டு வாசம்தான். ஜன்னல்ல 'நத்தை இருக்கு'ன்னு தாள் ஒட்டியிருப்பாங்க. தாள் ஒட்டாத கடைக்குப் போகவே கூடாது. வெளிய மேசை. அவிச்ச நத்தை ஒரு தட்டு, குளுந்த பியர் ஒன்னு. பல்லுக்குச்சியால குத்தி எடுத்துத் திங்கணும். கடைசில அந்தத் தண்ணிய பாண வச்சித் தொடைச்சி..."

பாண் ரொட்டிக்கு அங்கேயும் ஏறக்குறைய அதே பேர்தானாம்.

பத்து மணிக்கு மழை விட்டது. பூசணிக் கொடிக்குள் நத்தை பொறுக்கப் போய்விட்டார். அங்கே உள்ளது சுண்டுவிரல் நகம் அளவு என்று அவரேதான் சொன்னார். இங்கே உள்ளது என் கைமுட்டி அளவு. உப்புப் போட்டு ஏழு தண்ணீர் அலசினார். பூண்டு, உறைப்புக்குக் கொச்சிக்காய், அங்கிருந்து கொண்டுவந்த ஏதோ காய்ந்த இலை. வாசம் வீடெல்லாம் ஏறியது. கேஸ் வேறு முடியப் போகிறது, சோறு வைக்கவில்லை. "போதுங்க, இறக்குங்க" என்று சத்தம் போட்டேன். இறக்கிவிட்டார்.

ஒன்பதோ பத்தோ தின்றார். நான் தொடவில்லை.

"வெளிய சொல்லாத. சிரிப்பாங்க" என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

வெயில். பிளவுஸ் நாலு முடிந்தது. ஊக்கு தீர்ந்துவிட்டது.

அவருக்கு நேற்றிலிருந்து தலைவலி. மாத்திரை போட்டும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

தலைவலி கூடிவிட்டது. இரண்டு தரம் வாந்தி. "சட்ட பட்டா எரியுது புள்ள. தோலுக்குள்ள எறும்பு ஊறுற மாதிரி." சட்டையைக் கழற்றிவிட்டேன். தோலில் ஒன்றுமே இல்லை. ஒரு தடிப்புக்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பக்கத்து டொக்டர்: வைரஸ் காய்ச்சலாம். நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டுமாம்.

தையல் மெஷினைத் தொடவில்லை.

அக்டோபர் 18, சனி

காலையில் என்னைப் பார்த்து, "ஏன் ரெண்டு பேரா நிக்கிற?" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டில்லை. கழுத்தும் மரக்கட்டை மாதிரி. குனிய முடியவில்லை.

பக்கத்து வீட்டு நிஸாம் நானா திரீவீலர் கொண்டுவந்தார். மாத்தளை ஆஸ்பத்திரி வரைக்கும் ஒவ்வொரு குழிக்கும் என் மடியில் கிடந்து அவர் கத்தினார். நானா திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அல்லாஹ் காப்பாத்துவான் தங்கச்சி, அழாதீங்க."

வார்டில் சேர்த்தாயிற்று. சின்ன வயசு டொக்டர், சிங்களப் பெண். கடைசி மூன்று வாரத்தில் வித்தியாசமாக ஏதும் சாப்பிட்டாரா என்று கேட்டார். அடுத்த கட்டிலில் எங்கள் ஊர்க்காரர். அவர் என்னையே பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன். சோறு, பருப்பு, கருவாடு.

கையெழுத்து வாங்கினார்கள். எதற்கு என்று சரியாகப் புரியவில்லை. போட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குக் கொண்டுபோக: சாரம் 2, சின்னத் துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை, பிளாஸ்டிக் கோப்பை.

இன்று விடியற்காலை போனில் தேடினேன். நத்தை, தலைவலி, கழுத்து. தேடியிருக்கக் கூடாது. எலியிலிருந்து நத்தைக்குப் போகும் ஒரு புழு. வேகாத நத்தையைத் தின்றால் மூளைக்குப் போகுமாம். வேகாத.

போனை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

முதல் பஸ். டொக்டர் வரும் வரைக்கும் வாசலில் நின்றேன். "கொளுபெல்லா" என்று சொன்னேன். சிங்களத்தில் நத்தைக்கு அதுதான். எழுதிக்கொண்டிருந்த டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப? எத்தன? நல்லா வெந்திச்சா?" சொன்னேன். எல்லாம் சொன்னேன், நான் இறக்கச் சொன்னது உட்பட. ஊர்க்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்கட்டும்.

"நீங்களும் சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தோட்டத்து லயன் வீடுகள் பக்கம் வெடிச் சத்தம். எண்ணெய் வைக்கவில்லை.

நாளைக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்களாம்.

இதை எங்கேயாவது எழுத வேண்டும். ஒன்று தின்றேன். அன்றைக்கு இந்தக் கொப்பியில் தொடவில்லை என்று எழுதியது பொய். பல்லுக்குச்சியில் குத்தி நீட்டினார், முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியவில்லை. ரப்பர் மாதிரி இருந்தது. விழுங்கிவிட்டேன்.

பதினைந்து நாள். தலை வலிக்கிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் யோசிக்கிறேன். யோசித்தாலே வலிக்கிறது. நானும் படுத்துவிட்டால் அவரை யார் பார்ப்பது?

அக்டோபர் 21, செவ்வாய்

நீர் எடுத்தார்கள். திரைக்கு வெளியே நின்றேன். அவர் சத்தம் வரவில்லை. அது இன்னும் பயம்.

அந்தப் புழுதானாம். மருந்து தொடங்கியாயிற்று. நீர் எடுத்ததிலேயே தலைப்பாரம் பாதி இறங்கிவிட்டதாம். மூன்று நாளைக்குப் பிறகு கண்ணைத் திறந்து பேசினார். என்னிடம் இல்லை, டொக்டரிடம். அவருக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில்: "இவளும் ஒன்னு தின்னா. நான்தான் குடுத்தேன். இவளயும் பாருங்க."

டொக்டர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கைய நீட்டுங்க" என்றார். இரத்தம் எடுத்தார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

மழை. பஸ்ஸில் குடை மறந்துவிட்டேன்.

என் இரத்தத்தில் இப்போதைக்கு ஒன்றும் காட்டவில்லை. தின்ற நாளிலிருந்து மூன்று வாரம் முடியும் வரைக்கும் கவனமாக இருக்க வேண்டும். தலைவலி வந்தால் உடனே வரச் சொன்னார்கள்.

கஞ்சி ஊட்டிவிட்டேன். பாதியில் போதும் என்றார். பிறகு:

"நான் அங்க ஒரு நாளும் மேசைல உக்காந்து திங்கல புள்ள."

"என்னங்க சொல்றீங்க?"

"பின்னால தொட்டிகிட்டதான் என் வேல. மூட்ட மூட்டையா நத்த கழுவணும். சமைக்கிறது வேற ஆளு. எவ்வளவு நேரம் அவிக்கிறாங்கன்னு எனக்கு எங்க தெரியும்? சோடி சோடியா வருவாங்க, சிரிச்சிக்கிட்டுத் திம்பாங்க. கதவு தொறக்கிற நேரம் பாப்பேன். வீட்டுக்குப் போனா நாமளும் ஒரு நாள் அப்படி உக்காரணும்னு..."

வாயைத் துடைத்துவிட்டேன். கை கழுவப் போன இடத்தில் அழுதேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்றோடு மூன்று வாரம். நேற்று வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். சுவரைப் பிடித்து நடக்கிறார். இடது பக்கம் பார்த்தால் இன்னும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. நாளாகுமாம்.

மாத்திரை எண்ணிக்கை: காலை 6, பகல் 4, மாலை 2.

பிளவுஸ்காரிகள் ஒருவரும் கோபிக்கவில்லை. ஒருத்தி மட்டும், "நத்தையா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்தினாள். ஆமாம், நத்தைதான் என்றேன்.

கழுத்தை எப்படிச் சோதிப்பது என்று டொக்டர் காட்டித்தந்தார். தாடை நெஞ்சில் பட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். பட்டது. அவர் கட்டிலில் இருந்தபடி, "என்னா பண்ற?" என்றார்.

"ஒன்னுமில்ல."

"இங்க வா. நான் பாக்குறேன்."

பிடரியில் கையை வைத்து மெதுவாக அமர்த்தினார். பட்டது. இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன்.