சித்தப்பான்னு கூப்பிடு

திங்கள், ஆவணி கடைசி

மூட்டம். மழை இல்லை. புழுக்கம். மண்ணெண்ணெய் க்யூவில் கா. பத்து வரை. என் முறை வரும்போது பேரல் காலி. அம்மாவிடம் திட்டு.

அப்பா சாப்பிடாமல் சங்கக் கூட்டத்துக்குப் போனார். வியாழனிலிருந்து சாலை மறியல். தனி இடஒதுக்கீடு கேட்டு. "உனக்காகத்தான்டா போறேன்" என்றார். பிளஸ் டூவைப் பாதியில் விட்டவனுக்கு எந்த ஆபீஸில் நாற்காலி காலியாக இருக்கிறதோ. கேட்கவில்லை. கேட்டால் செருப்பு வரும்.

மாலை பஸ் ஸ்டாண்டு எதிரில் பாலுவின் சைக்கிள் கடை. ஒரு பஞ்சர் ஒட்டினேன். அப்போது ஒருத்தர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. கடையில் மூன்று பேர் இருந்தோம், நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு ஒத்தாசை. எங்கூட வந்து ஒரு டீ குடிக்கணும்."

"எதுக்கு?"

"சும்மாதான். நீ ஒண்ணும் பேச வேணாம். நான் தோள்ல கை போடுவேன், சிரிச்சிக்கினு நில்லு. போதும்."

சீப்பு எடுத்து நீட்டினார். தலையைச் சீவிக்கொள்ளச் சொன்னார். சீவினேன். ஏன் சீவினேனோ. டீ, பன். தோளில் கை. அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். திரும்பிப் பார்த்தேன். சேலம் பஸ்சுக்கு நிற்கிற கூட்டம், மூட்டை, முடிச்சு. யாரைப் பார்த்தார் என்று தெரியவில்லை. "நல்ல பையன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாலு: "ஜேப்ப பாரு."

பார்த்தேன். எதுவும் போகவில்லை. போவதற்கும் எதுவும் இல்லை.

"மோதிரம் கீழ கெடந்துச்சின்னு ஒருத்தன் வருவான். பர்சு தொலைஞ்சிச்சின்னு ஒருத்தன் வருவான். டீ வாங்கிக் குடுத்துட்டுப் போறவன இப்பதான்டா பாக்கறேன்."

"எங்கிட்ட ஏன் வந்தான்?"

"உன் மூஞ்சியிலதான் சும்மா இருக்கேன்னு எழுதி ஒட்டியிருக்குதே."

செவ்வாய்

அதே மூட்டம். அம்மாவுக்கு மூட்டு வலி. தைலம் வாங்க மறந்தேன்.

டீ வாங்கிக் கொடுத்ததில் அந்த ஆளுக்கு என்ன லாபம்? காலையிலிருந்து இதே யோசனை. பாலுவிடம் நாலு தடவை கேட்டுவிட்டேன். அஞ்சாவது தடவை ஸ்பேனரை எறிந்தான்.

வியாழன், புரட்டாசி 1

மறியல். ஒரு பஸ் இல்லை. சேலம் ரோட்டில் புளிய மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். கச்சிராயபாளையம் ரோட்டிலும் அப்படித்தானாம். வெள்ளிமலைக்குப் போகிற ஒரே வழி அது. எங்கோ டயர் எரிகிற நாற்றம். கடைகள் பாதி ஷட்டர். அப்பா கா. ஐந்துக்கே போய்விட்டார்.

அந்த ஆள் மறுபடியும். இந்த முறை வீட்டுத் தெரு முனையில். வீடு எப்படித் தெரியும்?

"நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரி வாசலுக்கு வா தம்பி. நான் ரெண்டு பேரோட பேசிக்கினு இருப்பேன். என்னைச் சித்தப்பான்னு கூப்பிடு. 'சித்தப்பா, அம்மா பாத்துக்கினு இருக்காங்க'ன்னு சொல்லு. அப்புறம் நீ போயிடலாம்."

"நீங்க எனக்கு சித்தப்பா இல்லியே."

"வாயால சொல்றதுல இன்னா கொறஞ்சிடப் போற?"

பாலு போகாதே என்கிறான். போகத்தான் போகிறேன். இது என்ன வித்தை என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது. நாளைக்கு வேறு வேலையும் இல்லை. என்றைக்குத்தான் இருந்தது.

வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடி. அந்த ஆள். எதிரில் ஒரு அம்மாவும் பெண்ணும். மலைக்காரர்கள், பார்த்ததும் தெரிந்தது. பெண்ணுக்குப் பதினேழு இருக்கலாம். அவளுடைய துணி மூட்டை அந்த ஆள் கையில்.

போனேன். வாயைத் திறந்தேன். "மாமா, அம்மா பாத்துக்கினு இருக்காங்க."

மாமா. சித்தப்பா இல்லை. அப்பாவுக்குத் தம்பியே கிடையாது, அந்தச் சொல்லை என் ஆயுசில் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் பெரியவர்கள் எல்லாரும் மாமாதான். பழக்கத்தில் வந்துவிட்டது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரை.

"அண்ணன் மவன்னு சொன்னியே?"

"ஆமாம்மா. அண்ணன் மவன்தான்."

"அண்ணன் மவன் மாமான்னு கூப்புடுவானா?"

"சின்னப் பையன், வாய்க்கு வந்ததச் சொல்றான்."

"கட்டிக்கப் போறவன் சின்னப் பையனா?" என்றது பெண்.

நான் கேட்டேன்: "யாரு யாரைக் கட்டிக்கப் போறாங்க?"

அந்த அம்மா மூட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "தம்பி, உள்ளதச் சொல்லு. இவரு உனக்கு இன்னா வேணும்?"

"இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பக்கத்தில் வந்தார். என் சட்டையில் கழன்றிருந்த பட்டனைப் போட்டுவிட்டார். "நல்ல பையன்." அவ்வளவுதான். நிதானமாக நடந்து போய்விட்டார்.

அந்த அம்மா பேர் காளியம்மா. பெண் பொன்னி. வெள்ளிமலைக்கு மேலே ஏதோ ஊர். பொன்னியின் அப்பா மஞ்சள் காமாலையோடு வார்டில் படுத்திருக்கிறார். அந்த ஆள் பத்து நாளாக ரொட்டியும் ஆர்லிக்சும் கொண்டுவந்து சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டான். திருநாவலூர் பக்கமாம், அண்ணன் மகனுக்கு ஈரோட்டில் தறி வேலையாம், சீர் எதுவும் வேண்டாமாம், மறியல் முடிகிற வரை பெண் இங்கே ஊருக்குள் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டுமாம். பையனைக் காட்டு என்று காளியம்மா கேட்டிருக்கிறார். திங்கள்கிழமை இவர்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து என்னைக் காட்டிவிட்டான். சீப்பு அதற்குத்தான்.

பொன்னி: "அன்னிக்கித் தலை சீவியிருந்த. கொஞ்சம் பரவால்ல."

சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பா என்று சரியாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் இவள் எங்கே?

சனி

பெருமாளுக்குத் தளிகை. கவுச்சி இல்லை. வடை.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். முதலில் அடி, பிறகு தூக்குச் சட்டியில் சோறு. "உங்கப்பாவுக்கு ஒரு நாள் தண்ணி மொண்டு குடுத்திருக்கியா? ஆஸ்பத்திரிக்கு சோறு தூக்கிக்கினு போறானாம்." ஆனாலும் இரண்டு வடை கூடுதலாக வைத்தது.

காளியம்மா வாங்கத் தயங்கினார். "எங்கம்மா குடுத்தாங்க" என்றதும் வாங்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் அந்த ஆள் இல்லை. ஊரை விட்டு எங்கே போயிருக்க முடியும், எல்லா ரோட்டிலும் மரம் கிடக்கிறது.

ஞாயிறு

தூறல். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். நிறைய பேரோடு. அம்மா அழவில்லை, மண்டபத்தில் சோறு போடுகிறார்களா என்று மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குச் சோறு. வார்டில் எல்லாருக்கும் என்னைத் தெரிகிறது. "காளியம்மா மருமவன் வந்துட்டான்" என்று பக்கத்துக் கட்டில் கிழவர் கிண்டல். பொன்னி அவர் மேல் தலையணை உறையை வீசினாள். அவளுக்குப் பஸ் போர்டு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எட்டாவதோடு நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போக மலையில் மூணு மைல் நடக்க வேண்டுமாம். எனக்கு வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட மணி கேட்கும். நான் போகவில்லை.

காளியம்மா வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "இனிமே எவன் வந்து கூப்ட்டாலும் இவள அனுப்ப மாட்டேன் தம்பி. நீ வந்தா அனுப்புவேன். இல்ல உங்கம்மா வந்தா அனுப்புவேன். வேற ஆருக்கும் கெடையாது."

"அப்படியே இருங்க" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

செவ்வாய்

வெயில். மறியல் நாளையோடு முடியும் என்று பேச்சு.

கடையில் ஒரு அம்மா. பூப்போட்ட சேலை, கை நிறைய கண்ணாடி வளையல், நல்ல பேச்சு. வாடகைக்கு வீடு தேடுகிறாராம்.

"உங்க தெருவுல எதுனா காலியா இருக்குதா தம்பி?"

"தெரியலீங்க."

"உங்கம்மாவக் கேட்டா தெரியுமா? பேரு இன்னா?"

"சரோஜா."

"கடைக்கு கிடைக்கு வருவாங்களா? எங்க பாக்கலாம்?"

"மூட்டு வலி. வூட்ட விட்டு நவுராது. தெரு முனையில வந்து கேட்டா சொல்வாங்க."

வளையல் குலுங்கப் போய்விட்டார். செயின் மாட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் கிரீஸ். அவர் போனபிறகுதான் பாலு கேட்டான்: "வூடு தேடறவ எத்தினி ரூமுன்னு கேக்கவே இல்லியே?"

அம்மாவிடம் கேட்டேன். வீடு கேட்டு யாரும் வரவில்லை.

புதன்

மாலை மறியல் முடிந்தது. மரத்தை இழுத்துப் போட்டார்கள். முதல் பஸ்சுக்கு ஜனம் கூரைமேல் கூட. அப்பாவை விட்டுவிட்டார்கள். வந்ததும் குளித்துவிட்டுப் படுத்தார்.

பொன்னி அப்பாவுக்கு இரண்டு நாளில் சீட்டுக் கொடுத்து அனுப்புவார்களாம். மலை பஸ்சில் நானே ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வியாழன்

போலீஸ் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

கா. பத்துக்குச் சோறு கொண்டுபோனேன். கட்டிலில் பொன்னி அப்பா, பக்கத்தில் காளியம்மா. பொன்னி இல்லை. காளியம்மா என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார்.

"உங்கம்மா தங்கம் தம்பி. மூட்டு வலியோட இம்மாந் தூரம் நொண்டிக்கினு வந்தாங்க."

"யாரு?"

"சரோஜாம்மா. பொண்ணு ஒரு வாரமா தலைக்கு ஊத்திக்கலன்னு, 'எங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேன், குளிச்சி சாப்ட்டு வரட்டும்'னாங்க. பேரு சொன்னாங்க, உன் பேரு சொன்னாங்க, சோறு குடுத்து வுட்டது சொன்னாங்க. அதான் அனுப்புனேன். சாப்ட்டாளா?"

பக்கத்துக் கட்டில் கிழவர்: "கை நெறைய வளையலு. வூட்டுக்காரி லட்சணம்."

என்ன சொன்னேன்? "சாப்பிடறா" என்றேன். சட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து ஓடினேன். ஒரு நப்பாசை, வீட்டில் இருப்பாள் என்று. வீட்டில் அம்மா மட்டும். முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டு. பிறகு பஸ் ஸ்டாண்டு. ஒரு வாரம் ஊருக்குள் அடைபட்ட வண்டியெல்லாம் இன்றைக்கு நாலு பக்கமும் ஓடுகிறது. சேலம், திருச்சி, சென்னை. யாரைக் கேட்பது. பூக்காரம்மா மட்டும் சொன்னார், வளையல்காரி ஒரு பெண்ணோடு வெள்ளை வேனில் ஏறினாள், வேன் சின்னசேலம் ரோட்டில் போனது என்று. "பொண்ணு சிரிச்சிக்கினுதான் போச்சி" என்றார்.

சின்னசேலத்தில் ரயில் உண்டு. பாலு சைக்கிளில் போயிருக்கிறான். வேனுக்குப் பின்னால் சைக்கிள்.

இங்கே போலீஸ் ஸ்டேஷனில் ஒரே ஒரு ஏட்டு. மற்றவர்கள் எல்லாம் மறியல் டியூட்டியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில் கேட்டார்:

"பொண்ணோட அம்மா எங்க?"

"ஆஸ்பத்திரியிலங்க."

"அதுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நீ வந்து சொன்னா நான் எழுத முடியாதுப்பா. பெத்தவள இட்டுக்கினு வா."

வார்டில் பன்னிரண்டு மணிக்குப் பால் ஊற்றுவார்கள். காளியம்மா பொன்னிக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் வாங்கி வைப்பார், எப்போதும். போய்ச் சொல்ல வேண்டும்.