கொடி ஏறும்போது யாரும் அசையக் கூடாது

பெப்ரவரி 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தெமோதரை ரயிலின் சத்தம் மட்டும் வந்தது. ரயில் தெரியவில்லை, அவ்வளவு பனி.

வெள்ளிக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் திறப்பு. மாகாணத்திலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். வேலைகள்: வாசல் கல்லுக்கு வெள்ளை, வாழைமரம், தோரணம், கக்கூஸ் கழுவுதல். கடைசி வேலை எனக்கு. ஏனென்று எழுத மாட்டேன், எழுதினால் தவளைக் கதையும் எழுதவேண்டி வரும்.

கடைசிப் பாடத்தில் பள்ளிக்கூட அதிபர் வந்து குண்டைப் போட்டார். அன்றைக்குத் தேசிய கீதத்தை நாங்கள் பாடத் தேவையில்லையாம். போனில் சிங்களத்தில் போடுவாராம். நாங்கள் சும்மா நிற்க வேண்டுமாம்.

"ஏன் சேர்? தெனமும் தமிழ்லதானே பாடுறோம்?"

"பிள்ளை, வாறவர் என்ன நினைப்பாரோ தெரியாது. அடுத்த கட்டடத்துக்கும் அவரிட்டத்தான் கேக்கவேணும். உமக்கு உதெல்லாம் விளங்காது."

யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் அதிபர் இல்லை, அதிபயர்.

திறப்பு விழாவாம். வாய் மூடு விழா.

பெப்ரவரி 11, புதன்

வெயில். துணி காய்ந்தது.

குடியியல் டீச்சரைப் பிடித்தேன். அவர் சொன்னது: சிங்களப் பாட்டுக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் ஒரே மெட்டு, ஒரே கருத்து. அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பில் தமிழ்ப் பாட்டு அச்சிலேயே இருக்கிறது. சுதந்திரம் கிடைத்த காலத்திலேயே பாடியிருக்கிறார்கள். கொழும்பு விழாவில் மட்டும் சில வருடம் பாடுவார்கள், சில வருடம் விட்டுவிடுவார்கள்.

"அப்ப நாங்க பாடுனா தப்பில்லதானே டீச்சர்?"

"தப்பில்ல. என் பேர மட்டும் இழுத்து விட்றாத."

வீட்டில் அம்மா சேலைக்கு இஸ்திரி. வெள்ளிக்கிழமை வேலைக்கு வரவில்லை என்று கங்காணியிடம் சொல்லிவிட்டாராம்.

"நீ எதுக்கும்மா வர்ற? ரிப்பன் வெட்டுறதைப் பாக்கவா?"

"ரிப்பன் கெடக்கு. தெனமும் கொழுந்தெடுக்கயில கீழருந்து அந்தப் பாட்டு கேக்கும். மலையில கேட்டா பாதிக்குப் பாதி காத்துல போயிருது. கிட்ட நின்னு முழுசா ஒரு நா கேக்கணும்ல."

போன் விஷயத்தைச் சொல்லவில்லை. வாய் வரவில்லை. எனக்கே வாய் வராதது இதுதான் முதல் தடவை.

பெப்ரவரி 12, வியாழன்

ஒத்திகை. ஈரப் புல், கால் முழுக்க அட்டை. முன்வரிசைக் குட்டிப் பயல் ஒருவன் குனிந்து அட்டையைப் பிடுங்கினான். அதிபருக்கு வந்ததே கோபம்.

"கீதம் துவங்கினா ஒருத்தரும் அசையக் கூடாது! அட்டை ஏறினாலும் குனியக் கூடாது! ஆரெண்டாலும் சரி!"

ஆரெண்டாலும். அப்படியானால் மாகாணப் பெரியவரும். அதிபரும்.

நாங்கள் முதலில் தொடங்கிவிட்டால்? நிறுத்த ஒருவர் நகர வேண்டும். நகரக் கூடாதே!

சுகந்தியிடம் சொன்னேன். காலைப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

"ஏண்டி, கக்கூஸ் கழுவுனது பத்தலையா ஒனக்கு?"

"நீ மொத வரிய மட்டும் எடு. மத்தத ஸ்கூல் பாத்துக்கும்."

"அதிபர் கொன்னுருவாரு."

"பாட்டு முடிஞ்சதுக்கப்புறம்தானே கொல்லலாம்."

சிரித்துவிட்டாள். சம்மதம்.

பெப்ரவரி 13, வெள்ளி

மழை இல்லை. காற்று. இன்றைக்கு எழுத்து கோழி கிண்டினது மாதிரி.

பெரியவர் கொடிக் கயிற்றில் கை வைத்தார். அதிபர் போனைத் தேய்க்கிறார், பாட்டு வரவில்லை. இதுதான் நேரம். சுகந்தியைப் பார்த்தேன். முகம் வெள்ளைக் கல். தொண்டையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். வரவில்லை.

நானே எடுத்துவிட்டேன்.

என் குரல் ஆலைச் சங்கு. அது எனக்கும் தெரியும். ஒரு வரி தனியாக. ஒரே ஒரு வரிதான், அதற்குள் செத்துப் பிழைத்தேன். அடுத்த வரிக்கு ஒன்பதாம் வகுப்பு வந்தது. பிறகு எல்லாரும்.

முதலில் விறைத்தவர் காவலுக்கு வந்த பொலிஸ்காரர். மெட்டைக் கேட்டதும் சல்யூட். அவரைப் பார்த்துப் பெரியவரும் நேராக நின்றார். அதிபர் எங்களை நோக்கிப் பாய்ந்தவர், ஒரு கால் மேடைப் படியிலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே சிலை. போன் நீட்டிய கையில். கண் மட்டும் என்னைச் சுட்டது.

பின்னால் அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். இது என்ன கோயிலா?

முடிந்ததும் போன் வேலை செய்தது. சிங்களத்திலும் போட்டார்கள். அதற்கும் அசையாமல்தான் நின்றோம். மரியாதை எங்களுக்கும் தெரியும்.

பெரியவர் ரிப்பன் வெட்டினார். தட்டில் வெட்டி வைத்த பால்சோறு இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அவர் கார் வளைவு திரும்பியதும் அதிபர் எல்லாரையும் நிறுத்தினார். "திங்கள் துவங்கிக் காலமையிலயும் போன்தான். ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. விளங்குதோ?"

என்னால் தினமும் பாடிய பாட்டே போய்விட்டது. சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மற்றவர்களும் அப்படித்தான்.

அம்மா மட்டும் வழியில், "முழுசாக் கேட்டேன்" என்றார்.

பெப்ரவரி 15, ஞாயிறு

மழை. தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போனேன். தேங்காய் கடன் கேட்கப் போனதாக அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்தது.

பெப்ரவரி 16, திங்கள்

பனி. கொடி ஏறியது. மேசைமேல் ஸ்பீக்கர். சிங்களத்தில் முழுப் பாட்டும் போனது. முழுப் பள்ளிக்கூடமும் நேராக நின்றது.

"சரி, வகுப்புக்குப் போங்கோ."

ஒருவரும் அசையவில்லை.

"போங்கோ எண்டல்லோ சொன்னனான்!"

கை பக்கத்தில். கண் கொடியில். குட்டிப் பயல் காலில் அட்டை ஊர்கிறது, குனியவில்லை. முதலாம் பாட மணி அடித்தது. குடியியல் டீச்சரும் நிற்கிறார், விறைப்பாக.

"சேர், இன்னும் பாட்டு முடியலைங்களே" என்றேன். பணிவாகத்தான்.

இரண்டாம் பாட மணியும் அடித்தது. அதிபர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

உடனே யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல குரல். மலை வரை கேட்டிருக்கும்.

யார் தொடங்கியது என்று அதிபர் பிறகு வகுப்பு வகுப்பாக வந்து கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.