கறுத்த பிள்ளைக்கு ஒரு உதவித்தொகை

இன்று காலை, நான் இப்போது வேலை பார்க்கும் ஹோட்டலின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். புதிதாக இறக்கப்போகும் பீரோடு சேர்த்து, அதைக் காய்ச்சுகிறவளின் படத்தையும் பாருக்குள் மாட்டப்போகிறார்களாம். டேங்குகளுக்கு நடுவில் என்னை நிற்க வைத்து எடுத்தார். மத்தியானம் கணினியில் காட்டினார். மூக்கும் கண்ணும் என்னுடையவைதான். தோலின் நிறம் மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியது. கொஞ்சம் க்ளோ கொடுத்திருப்பதாகப் பெருந்தன்மையோடு சொன்னார். கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முனகிக்கொண்டே பழையபடி ஆக்கிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு உன் நினைப்பு வந்துவிட்டது. முளைகட்டி நொறுக்கிய பார்லி வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. அதைக் கிளறுகிற வேலையை உதவியாளரிடம் விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். நீ இருந்திருந்தால் அந்த மனிதரைச் சும்மா அனுப்பியிருக்க மாட்டாய்.

ஷார்ஜாவில், ரோலாவில் நாம் இருந்த அறையை நினைத்துக்கொள்கிறேன். பெட் ஸ்பேஸ் என்ற பெயரில் ஒரு கட்டிலும், கட்டிலைச் சுற்றி ஒரு திரையும். உன் திரைக்கும் என் திரைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். நீ திருநெல்வேலிப் பக்கம், நான் பெரம்பலூர்ப் பக்கம். முதல் நாளே நீ என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டாய். எங்கள் ஊரில் இப்படிக் கூப்பிட்டால் சண்டை என்று நான் முறைத்தேன். உங்கள் ஊரில் அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் சண்டை என்றாய்.

உனக்கு வேலை அடுத்த தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில். விசாவுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க என்று வருகிற முகங்களை நாள் முழுக்கக் கணினியில் வெளுத்துக்கொண்டிருந்தாய். யாரும் கேட்பதில்லை, ஆனால் செய்யாவிட்டால் மறுநாள் திரும்பி வந்து நிற்பார்கள் என்பாய். முதலாளி பாய் காயல்பட்டினத்துக்காரர், நல்ல மனிதர். அவருக்கும் அது டீயில் சர்க்கரை போடுவது மாதிரி ஒரு மரியாதைதான்.

நீயோ என்னைவிடக் கறுப்பு. ஊரில் உன் ஜாதகத்தோடு கொடுத்த படத்தையும் ஒரு ஸ்டுடியோக்காரர் மரியாதையாக வெளுத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்ற உன்னிடமே 'பெண்ணைக் கூப்பிடுங்கள்' என்று சொன்னதை நீ நடித்துக் காட்டுவாய். அறையில் இருந்த எல்லாரும் சிரிப்போம். அந்தச் சம்பந்தம் நின்ற பிறகுதான் நீ போட்டோஷாப் கற்றுக்கொண்டு ஷார்ஜாவுக்கு வந்தாய் என்பதை நடிக்காமல், ஒரே ஒரு தடவை சொன்னாய்.

என் வேலையைப் பற்றி அந்த அறையில் உனக்கு மட்டும்தான் தெரியும். விசாவில் வெயிட்ரஸ். உள்ளே நான் பார்த்த வேலை வேறு. துபாய் ஹோட்டலில், பாரின் கண்ணாடிக்குப் பின்னால் பீர் காய்ச்சும் டேங்குகள் இருந்தன. ஊறி முடிந்த பார்லிச் சக்கையை வாரிப்போட ஆள் வேண்டும் என்று ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். வாரப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். எந்தச் சூட்டில் ஊற வைத்தால் இனிப்பு இறங்கும், எப்போது ஈஸ்ட் தூங்கும், எப்போது முழிக்கும் என்று கேட்டுக் கேட்டுக் கற்றேன். பெரிய காய்ச்சுநர் ஒரு வெள்ளைக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் விருந்தாளிகள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றால், என்னைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கச் சொல்வார். ஷார்ஜாவில் மது கிடையாது. நான் காய்ச்சியதில் ஒரு சொட்டையும் நீ பார்த்ததில்லை. நீயும் கேட்டதில்லை.

அந்த உதவித்தொகை அறிவிப்பை நான்தான் போனில் பார்த்தேன். பீர் காய்ச்சுவதும் மது வடிப்பதுமான தொழிலில் வெள்ளையர் அல்லாதவர்களின் முகமே தென்படவில்லை என்று சிலர் சேர்ந்து தொடங்கியது. ஒரு வருடப் படிப்பு, வெளிநாட்டில், முழுச் செலவும் அவர்களுடையது. தமிழில் சொல்லச் சொல்லி நீ கேட்டாய், சொன்னேன். நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்கு மட்டுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். ஆமாம் என்றதும் கட்டிலில் விழுந்து சிரித்தாய்.

"கறுப்பா இருந்ததுக்கு இதுவரைக்கும் ஒருத்தனும் ஒண்ணும் குடுத்ததில்லட்டி," என்றாய். "ஓடிப்போயி வாங்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் 'கோட்டாவில் வந்தவள்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்லக் கேட்டவள் நான். முதல் வகுப்பில் தேறிய பிறகும் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை. இதையும் வாங்கினால் சாகிறவரைக்கும் அதையே சொல்வார்கள், என் கையில் இருக்கிற வேலை ஒருவர் கண்ணுக்கும் தெரியாது என்றேன். யார் போட்ட பிச்சையும் வேண்டாம் என்று வீம்பாகவும் ஏதோ சொன்னேன்.

நீ எழுந்து உட்கார்ந்தாய். "வாசல அடைக்கையில நெறத்தப் பாத்துத்தான அடைச்சானுவ? தொறக்கையிலயும் அதப் பாத்தே தொறக்கட்டும்."

அன்றைக்கு ராத்திரியே விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். இன்றைக்கும் யாராவது, உனக்கு அது நிறத்துக்காகக் கிடைத்ததாமே என்று இழுத்தால், ஆமாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

விண்ணப்பத்துக்கு ஒரு படம் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்னை ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாய். உன் துப்பட்டாவை எனக்குப் போட்டு, விளக்குகளை மாற்றி மாற்றி வைத்து எடுத்தாய். எடுத்ததை எடுத்த கையோடு கணினியில் போட்டு, உன் வித்தை மொத்தத்தையும் இறக்கினாய். கன்னம் மின்னியது. கழுத்து மின்னியது. கல்யாணப் பத்திரிகையில் போடலாம் போல இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை. நிறத்துக்காகத் தருகிற உதவித்தொகைக்கு, நிறத்தைத் துடைத்துவிட்டு ஒரு படம் அனுப்பினோம். உலகத்தில் நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியாது.

வீடியோவில் நேர்காணல் நடந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நடுவர்களில் ஒருவர் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண், சொந்தமாக ஒரு வடிசாலை நடத்துகிறவர். அவர் மட்டும் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், இது நீங்கள்தானா, வேறு யாருடைய படமாவது தவறி வந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார். ஆள் மாறாட்டம் என்று நினைத்துவிட்டால் எல்லாம் அங்கேயே முடிந்தது. எங்கள் ஸ்டுடியோக்களில் இப்படித்தான் செய்வார்கள், இது எங்கள் வழக்கம் என்றேன். சொல்லும்போதே நாக்குக் கூசியது. அவர் அந்தப் படத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, அவருடைய அம்மாவின் அலமாரியிலும் வெளுக்கிற கிரீம் ஒன்று எப்போதும் இருந்தது என்றார். வேலை செய்கிற இடத்தில், இருக்கிறபடி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

அறைக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். உன் முகம் இறுகிப்போனது. பிறகு யார் யாரையோ திட்டினாய். ஊர் ஸ்டுடியோக்காரர், பெண் பார்க்க வந்தவர்கள், கிரீம் விற்கிறவர்கள், உன் சொந்தக் கை, எல்லாருக்கும் விழுந்தது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு கேமராவோடு என்னுடன் பஸ் ஏறினாய். ஹோட்டலில் அனுமதி வாங்கி, டேங்கு முன்னால் என்னை நிறுத்தினாய். ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத் தொப்பி, கழுத்தெல்லாம் வேர்வை, கையில் சக்கை வாரும் மண்வெட்டி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விருந்தாளிகள் நின்றார்கள். பெரிய காய்ச்சுநர் வழக்கம்போலக் கையைக் காட்டினார். நீ அவரைப் பார்த்து அதே கையைக் காட்டினாய், நீங்கள் கொஞ்சம் தள்ளுங்கள் என்று. அவர் தள்ளி நின்றார்.

அந்தப் படத்தை அனுப்பியதோடு நீ விட்டிருக்கலாம். பெரிதாக ஒரு பிரதி போட்டு ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னலில், வெளுத்த மணப்பெண்களுக்கு நடுவே மாட்டினாய். அத்தோடு வருகிற ஒவ்வொருவரிடமும் 'உள்ளபடி வேணுமா, வெளுப்பா வேணுமா' என்று கேட்க ஆரம்பித்தாய். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். முக்கால்வாசிப் பேர் வெளுப்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் திகைத்து, கண்ணாடியில் தங்களைப் பார்த்துவிட்டு, உள்ளபடியே இருக்கட்டும் என்றவர்களும் உண்டு. அப்படி ஒருத்தர் வந்த நாளில் நீ அறைக்குப் புரோட்டா வாங்கி வருவாய்.

ரோலாவில் யாரோ எங்கள் ஊர்க்காரர் ஜன்னலில் என் படத்தைப் பார்த்திருக்கிறார். அது என்ன வேலை, எதற்கு எடுத்த படம் என்று விசாரித்துவிட்டு, போனில் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார். ஊரிலிருந்து அது ஓமானில், சோஹார் துறைமுக வேலையில் இருந்த என் அண்ணனுக்குப் போனது. லீவு போட்டு, எல்லை தாண்டி பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார், எனக்கும் ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது படத்தைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஹோட்டலில் ரிசப்ஷனில் இருப்பதாகத்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம். இனி எந்த மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்றார். படிப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம், விசாவைக் கேன்சல் போட்டு ஊருக்குக் கிளம்பு என்றார்.

என் அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். அவரை எதிர்த்து ஒரு சொல் பேசிப் பழக்கமில்லை. நீ கவுண்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து ஜன்னலை மறைத்தாற்போல் நின்றாய்.

"எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. இது அவ மூஞ்சி, அவ பாக்குத வேல. ரெண்டுலயும் களவு கெடையாது."

"படிச்சுக் கிழிச்சு சாராயம் காய்ச்சப் போறாளா?" என்றார் அண்ணன்.

நீ பதில் சொல்ல வாயெடுத்தாய். உன்னை முந்திக்கொண்டு, "ஆமாண்ணே," என்றேன். "காய்ச்சத்தான் போறேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பாய் வரவழைத்த டீயைத் தொடாமல் கிளம்பிப் போனார். இப்போதும் போனில் பேசுவார். சாப்பிட்டாயா என்பார், வேலையைப் பற்றிக் கேட்க மாட்டார். நானும் விடுவதில்லை. இந்த வாரம் என்ன காய்ச்சினேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.

உதவித்தொகை கிடைத்தது. விமான நிலையத்தில் எனக்கு அழுகை வந்தது, உனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத குடும்பத்திடம், இவள் பீர் படிக்கப் போகிறாள் என்று சொல்லி அவர்களை விழிக்க வைத்தாய். படிக்கப் போன குளிர் தேசத்தில் நான் ஈஸ்டோடும் வடிகலத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உனக்கு வயிற்றில் நோய் முற்றிக்கொண்டிருந்தது. போனில் கேட்டால் கேஸ் ட்ரபிள் என்றாய். ஊருக்குப் போகிறேன், மாற்று மருந்து சாப்பிடப் போகிறேன் என்றாய். பரீட்சை முடியட்டும் என்று உன் வீட்டில் எல்லார் வாயையும் கட்டிவைத்திருந்திருக்கிறாய். தேறிய செய்தியைச் சொல்லக் கூப்பிட்டபோதுதான், நீ இறந்துவிட்டதை உன் வீட்டில் சொன்னார்கள். மறைத்ததற்காக உன்மேல் எனக்கு இன்னமும் கோபம்தான்.

படிப்பு முடிந்ததும் முதலில் உன் ஊருக்குத்தான் வந்தேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாதி கிழிந்து இருந்தது. பெயரைப் படித்துத்தான் படத்தில் இருப்பது நீ என்று தெரிந்துகொண்டேன். போஸ்டர் கடைக்காரர் உன்னை ரோஜாப் பூ நிறத்துக்கு வெளுத்திருந்தார். வீட்டுக்கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்ததும் அதே படம்தான். செத்த பிறகும் உன்னை விடவில்லையே என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. அஞ்சலி செலுத்த வந்தவள் அஞ்சலி செலுத்தவில்லை. வெளியே போய், கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோ தேடி, என் போனில் இருந்த உன் படத்தைக் கொடுத்தேன். ரோலா பஸ் நிறுத்தத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ என்னைத் திட்டுகிற படம். ஒரு புள்ளியைத் தொட்டாலும் காசு கிடையாது என்று பக்கத்திலேயே நின்று பிரிண்ட் போட வைத்தேன்.

சட்டம் போட்டு எடுத்துவந்ததை உன் அம்மா கையில் கொடுத்தேன். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், அந்தப் படமே லெச்சணமாக இருக்கிறதே என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். ஸ்டூலைப் போட்டுத் தானே ஏறி, பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள். மாலையை எடுத்து இதற்குப் போட்டாள்.

இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நீதானே அந்தக் கறுத்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிற படிப்புக்குப் போனவள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என்ன படிப்பு என்றாள். பீர் காய்ச்சுகிற படிப்பு என்று, அத்தனை பேர் நடுவிலும் உரக்கச் சொன்னேன். அவள் அதற்கு முகம் சுளிக்கவில்லை. உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோ எடுக்குத பிள்ளைகளுக்கும் அப்படி ஒண்ணு எங்கயாச்சும் இருந்திருக்குமோம்மா?" என்றாள். "எம்மவளும் கறுப்புத்தான."

"இருந்திருக்கணும்மா," என்றேன்.

உன்னை நினைத்து வருகிற துக்கம் வருகிறது, போகிறது. அன்று உன் கூடத்தில் வந்த கோபம் மட்டும் போகவில்லை. நான் அதைப் போக விடுவதாகவும் இல்லை.