நிலவறை வார்டு

மே 9, 1966. திங்கள்

வார்டில் இன்று தாங்க முடியாத வெக்கை. ஒரு பக்கம் பாய்லர் அறை, மறுபக்கம் சலவை அறை, நடுவில் என் நோயாளிகளும் நானும். தலைக்கு மேல் ஓடும் குழாய் வியர்த்து பிவென்ஸ் ஐயாவின் போர்வையில் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலை நகர்த்தினேன்.

"பொண்ணே, எனக்கு ஞானஸ்நானம் சின்ன வயசுலயே ஆயிடுச்சு. உங்க ஆஸ்பத்திரிகிட்ட சொல்லு" என்றார். ரயில்பாதை வேலையில் உழைத்துத் தேய்ந்த மனிதர். இதயம் வீங்கிப்போயிருக்கிறது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. கிண்டல் மட்டும் குறையவில்லை.

வாசலில் மாட்டியிருந்த 'கறுப்பர் வார்டு' பலகையைக் காலையில் கழற்றிப் போனார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து வயதானவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை வாஷிங்டன் அரசாங்கம் கொடுக்கப்போகிறது. நிறம் பார்த்துப் படுக்க வைக்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாதாம். அதனால் பலகை போயிற்று. நாங்கள் போகவில்லை, கீழேதான் இருக்கிறோம்.

மே 11

கை வேலை செய்கிறது, மனம் எங்கேயோ நிற்கிறது. எதை எதிர்பார்க்கிறேன்?

மே 20. வெள்ளி

தலைமை நர்ஸ் மிஸ் ஹாஸ்கியூ கூப்பிட்டு அனுப்பினாள்.

"வெர்டெல், செவ்வாய்க்கிழமை அரசாங்க ஆய்வாளருங்க வர்றாங்க. கீழ இருக்கறவங்கள்ல நாலு பேரை மாடிக்குக் கொண்டுபோகணும். நீயே பார்த்துச் சொல்லு. சுத்தமா இருக்கணும், வாயாடக் கூடாது."

"ஆய்வு முடிஞ்சப்புறம் அம்மா?"

"முடிஞ்சப்புறம் என்ன? அவங்கவங்க இடத்துக்கு."

வெள்ளைக்காரி, என்னைவிட வயதில் எவ்வளவோ சின்னவள். அவள் என்னை நீ என்பதும், நான் அவளை அம்மா என்பதும் பழகிப்போனதுதான். இன்று அந்த 'அம்மா' கசந்தது.

நாலு பேரில் முதல் பெயராக பிவென்ஸ் ஐயாவைச் சொன்னேன். வாயாடிதான். ஆனால் மாடியில் சுவரிலேயே ஆக்ஸிஜன் வருகிறது. ஒரு நாளாவது கிடைக்கட்டுமே.

மே 24. செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

பிவென்ஸ் ஐயாவுக்கு மாடியில் ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஒரு வெள்ளைக்கார நோயாளி. யாரென்று பார்த்தால் எங்கள் பாய்லர் மெக்கானிக் க்ளீட்! நோயாளி அங்கியை மாட்டி, கழுத்துவரை போர்த்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். எங்களவர் பக்கத்தில் படுக்க நிஜ நோயாளி யாரும் சம்மதிக்கவில்லைபோலும்.

"உனக்கு என்னப்பா வியாதி?" என்று கேட்டார் பிவென்ஸ் ஐயா.

"வயித்து வலி" என்றான் க்ளீட், சுவரைப் பார்த்தபடி.

"பூட்ஸோட படுத்தா வலிக்கத்தான் செய்யும்."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார டாக்டர். கூடவே, அட்லாண்டாவிலிருந்து வந்திருக்கும் மிஸ்டர் லேத்ராப், கறுப்பர், நம்மவர். பின்னால் நிர்வாகி. அவருக்கும் பின்னால், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர். மர ஆலை அவருடையது. என் வீட்டுக்காரன் லான்சோ வேலை பார்ப்பது அங்கேதான்.

"மிஸஸ் டிஸ்டேல்" என்றார் லேத்ராப். இந்தக் கட்டடத்தில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. "இவங்க எப்பவும் இந்த அறைலதான் இருக்காங்களா?"

எல்லார் கண்ணும் என் மேல்.

"ஆமாங்க."

ஆமாங்க! எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

அவர்கள் கார் கிளம்பியதும் நாலு பேரையும் கீழே இறக்கினோம். ஆக்ஸிஜன் வைத்ததில் பிவென்ஸ் ஐயா குழந்தைபோலத் தூங்கியிருந்தார், எழுப்பித்தான் கொண்டுவந்தேன். லிஃப்டில் என் முகத்தையே பார்த்தார்.

"அடுத்த ஆட்டம் எப்போ, பொண்ணே?"

மே 25

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா, பழக்கமா? எனக்கு ரெண்டும் ஒண்ணாவே ஆயிப்போச்சா?

மே 28. சனி

லேத்ராப் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளையும் பார்த்துக்கொண்டு, சவ அடக்கக் கடை ஹோல்ஸியின் வீட்டில் தங்கியிருக்கிறார். நாளை சர்ச் முடிந்ததும் போய்ப் பார்க்கப்போகிறேன் என்று லான்சோவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"பார்த்து? என் முதலாளிதான் அங்க தலைவர். உன்னோட சேர்த்து என்னையும்ல வேலையை விட்டுத் தூக்குவான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போறே?"

"அந்த மனுஷன் மூச்சுக்கு அல்லாடுறாரு லான்சோ. மேல சுவத்துல காத்து சும்மா கெடக்கு. நான் ஆமாங்கன்னு சொல்லிட்டு வந்து இங்க மீன் பொரிச்சுக்கிட்டு இருக்கேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். மீனைத் தொடவில்லை.

மே 29. ஞாயிறு

லான்சோவுக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் ஹோல்ஸி வீட்டுக்கு வண்டியை ஓட்டி வந்தது அவன்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். க்ளீட்டின் பூட்ஸையும் சொன்னேன். லேத்ராப் சிரிக்கவில்லை.

"உங்க பேரை எங்கயும் எழுத மாட்டேன், மிஸஸ் டிஸ்டேல். ஆனா ஊர் சின்னது, யாருன்னு ஊகிச்சிடுவாங்க. இதைச் சொல்லாம நான் எழுந்து போனா உங்களை ஏமாத்தின மாதிரி."

"தெரிஞ்சுதாங்க வந்தேன்."

"நேரா அந்த வார்டுக்குப் போக எந்தக் கதவு?"

"பின்பக்கம். சலவை வண்டி வர்ற கதவு. எப்போ வருவீங்க?"

"அது உங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லது."

ஜூன் 7

பின்கதவு கிறீச்சிடும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். வருவது அழுக்குத் துணி வண்டி.

ஜூன் 10. வெள்ளி

பிவென்ஸ் ஐயா போய்விட்டார்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் தீரப்போகிறது, இன்னொன்று வேண்டும் என்று காலையிலேயே சொன்னேன். மாடியில் வேலை முடியட்டும் என்றார்கள். மறுபடி ஓடினேன். மறுபடி அதே பதில். சிலிண்டர் உருண்டு வந்தபோது அவருக்கு அது தேவைப்படவில்லை.

ஒரு மனுஷன் மூச்சு விடறதுக்கு யார்கிட்டயாவது அனுமதி கேக்கணுமா? நான் அன்னிக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா—

தெரியாது. எனக்குத் தெரியாது.

ஜூன் 14. செவ்வாய்

வந்துவிட்டார்கள். அதே கதவு வழியாக.

லேத்ராப் கட்டில் கட்டிலாகப் பார்த்தார். குழாயைத் தொட்டுப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவே இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் என்று புரிந்தது. நிர்வாகி படியிறங்கி ஓடி வந்தார், பின்னாலேயே ஹாஸ்கியூ.

"இது தற்காலிக ஏற்பாடுங்க. மாடில வர்ணம் பூசறோம்" என்றார் நிர்வாகி.

பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"வர்ணமெல்லாம் பூசலைங்க. நான் இங்க சேர்ந்த நாள்லேர்ந்து இவங்க இங்கதான். அன்னிக்கு நான் ஆமாங்கன்னது பொய்."

"வெர்டெல்!" என்றாள் ஹாஸ்கியூ.

திரும்பிப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 17

வாஷிங்டன் கண் என் மேல் இருக்கிறதாம், அதனால் என்னைத் தொடமாட்டார்கள். லான்சோவைத் தொட்டுவிட்டார்கள்.

"வேலை குறைஞ்சிடுச்சாம்" என்று மத்தியானமே வந்து நின்றான்.

"ஜார்ஜியால மரம் தீர்ந்துபோச்சாமா?"

சிரித்தான். பிறகு கொல்லைக்குப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை.

ஜூன் 26. ஞாயிறு

ஜாக்சன்வில் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்களாம். லான்சோவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். "மன்னிச்சிடு" என்றேன். "எதுக்கு? ஆமாங்கன்னு சொன்னதுக்கா, இல்லைங்கன்னு சொன்னதுக்கா?" என்றான். பஸ் கிளம்பிவிட்டது.

ஜூலை 1. வெள்ளி

எல்லாரையும் மாடிக்குக் கொண்டுபோனோம். இந்த முறை இறக்குவதற்கு இல்லை. இரண்டு வெள்ளைக்காரக் குடும்பங்கள் தங்கள் நோயாளிகளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டன. ஹாஸ்கியூ வரவில்லை, விடுப்பாம்.

காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டரோடு போனால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "வேற ஆள் இல்லையா?"

"இருக்காங்க. சாயங்காலம் வருவாங்க."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

சந்தோஷமாக இருக்கவேண்டிய நாள். கீழே போய், பிவென்ஸ் ஐயாவின் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 9. சனி

இன்று என்னைப் பிறந்த குழந்தைகள் அறையில் போட்டிருந்தார்கள். முதல் தடவையாக எங்கள் இனத்துப் பிள்ளை ஒன்று அங்கே. வந்த வரிசைப்படி தொட்டிலை வைத்தேன்.

கண்ணாடிக்கு வெளியே அதன் அப்பன்காரன், வேலை உடுப்போடு, எது தன்னுடையது என்று தேடிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மாள் வந்தாள். அவனைக் கண்டதும் கண்ணாடியின் மறுகோடிக்குப் போய் நின்றாள். அங்கிருந்து அவள் பேரன் தெரியவில்லை. அவன் இருப்பது எங்கள் பிள்ளைக்கு அடுத்த தொட்டிலில். எட்டிப் பார்த்தாள், எக்கிப் பார்த்தாள். தொட்டிலை நகர்த்தச் சொல்லி எனக்குக் கை காட்டினாள்.

நான் நகர்த்தவில்லை.

அப்புறம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மெதுவாக, அந்த அப்பன்காரன் பக்கத்தில் வந்து நின்றாள்.