செய்திக்குக் கீழே ஒரு பெட்டி

ஜூன் 2, செவ்வாய்

எங்கள் செய்திக்கான புதிய இணையதளம் திறக்க இன்னும் ஒன்பது நாள். சாவிக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் இரண்டு அறைகளிலும் உட்கார இடமில்லை. சுவர் முழுக்கத் தாள். வடிவமைக்க வந்திருக்கும் பெண்ணுக்கு நானும் ஆசிரியரும் 'கட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைச் சொன்னாலும் ஒரு கட்டம் போட்டு அதற்குள் அடைத்துவிடுவாள். இந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். கோபமில்லை.

இன்றைக்கு அவள் போட்டது வேறு மாதிரிக் கட்டம். ஒவ்வொரு செய்திக்கும் கீழே ஒரு பெட்டி. அதன் தலையில்: "நீங்கள் அங்கே இருந்தீர்களா? பார்த்ததைச் சொல்லுங்கள்." பன்னிரண்டு வருடமாக இந்தப் பகுதிக்குச் செய்தி சொல்கிறோம், ஒருவரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

ஆசிரியர் தயங்கினார். முப்பது வருடம் அஞ்சல் அலுவலகத்தில் இருந்தவர். உறை பிரியாமல் உரிய இடத்தில் சேர்ப்பதுதான் அவர் பழக்கம். புதுச் செய்திகளுக்கு மட்டும் போதும், பழையவற்றைக் கிளற வேண்டாம் என்றார். நான்தான் பழையவற்றுக்கும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஏன்? சும்மா. யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்கும் ஆசை.

ஜூன் 11, வியாழன்

காலை பத்து மணிக்குத் திறந்துவிட்டோம். பத்து ஐந்துக்கு முதல் வாசகர் கருத்து: "எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு."

ஜூன் 12, வெள்ளி

காலைக்குள் நாற்பத்தொரு கருத்து. பத்தொன்பது எழுத்தின் அளவு பற்றி. பழைய தளத்தின் பச்சை நிறம் எங்கே என்று ஒருவர், காணாமல் போன சொந்தக்காரரை விசாரிப்பது போலக் கேட்டிருக்கிறார். இன்னொருவர் தன் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வந்து போனதற்கு அடையாளமா? கட்டம் எழுத்தைப் பெரிதாக்கினாள். உடனே மூன்று பேர்: "ரொம்பப் பெரிசா இருக்கு."

எனக்கு வேலையே ஓடவில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மதியம், தான் வேலை பார்க்கும் செயற்கைப் பல் கட்டும் கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டார். ஐம்பத்திரண்டு என்று சொன்னேன்.

ஜூன் 15, திங்கள்

ஒன்பது வருடத்துக்கு முந்தைய செய்தி ஒன்றின் கீழே இன்று ஒரு கருத்து. அந்தச் செய்தி நான் எழுதியது. பொது நீச்சல் குளத்தில் ஏழு வயதுச் சிறுமி மூழ்கப் பார்த்தாள்; உயிர்காப்பாளர் நாற்காலியில் இல்லை. "உயிர்காப்பாளர் எங்கே போனார்?" என்று தலைப்பு வைத்தேன். அந்த மாதம் அதிகம் பேர் படித்தது அதைத்தான். இரண்டு வாரத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதையும் நானே நாலு வரியில் எழுதினேன்.

கருத்து எழுதியவர் தனக்கு 'ஆழமில்லாப் பக்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே வரி: "குழந்தையைத் தூக்கியது யார் என்று நீங்கள் கேட்கவேயில்லை."

யார் இது? ஆணா, பெண்ணா? ஒன்பது வருடம் கழித்து ஏன்?

ஜூன் 16, செவ்வாய்

அந்தச் செய்தியை மூன்று முறை படித்தேன். யாரோ எழுதியதைப் படிப்பது போல இருந்தது. "உயிர்காப்பாளர் தம் இடத்தில் இல்லை என்று குளத்தின் மேலாளர் தெரிவித்தார்." அடுத்த பத்தியில், "அங்கிருந்த ஒருவர் சிறுமியை மீட்டார்." அங்கிருந்த ஒருவர் என்றால் யார்? அன்று எனக்கு அது தெரியவில்லையா, தெரிந்துகொள்ளத் தோன்றவே இல்லையா?

பரணிலிருந்து அந்த வருடத்துக் குறிப்பேட்டை எடுத்தேன். மேலாளரிடம் பேசியது இரண்டரைப் பக்கம். உயிர்காப்பாளரின் எண் ஓரத்தில் இருக்கிறது. பக்கத்தில் 'எடுக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். எத்தனை தடவை கூப்பிட்டேன்? ஒரு தடவை என்றுதான் நினைக்கிறேன்.

பெட்டிக்குள் நானே எழுதினேன்: "இந்தச் செய்தியை எழுதியவள் நான். கேட்காதது உண்மை. இப்போது கேட்கிறேன். அன்று குளத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 18, வியாழன்

மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

அங்கே நுழைவுச் சீட்டு கொடுத்த பெண்: தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் நின்றுபோனது, மோட்டார் அறைக்குப் போய்ப் பார் என்று மேலாளர்தான் உயிர்காப்பாளரை அனுப்பினார்; என் காதுபடச் சொன்னார். தினமும் நீந்த வந்துகொண்டிருந்த ஒரு மருந்தாளர்: அலறல் கேட்டு மோட்டார் அறைப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வந்து, போட்டிருந்த சட்டையோடு குதித்தார், கையெல்லாம் கிரீஸ். மூன்றாமவர் பெயர் சொல்லவில்லை. "அவர் கழுத்தில் விசில் தொங்கியது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

விசில். அப்படியென்றால் நாற்காலியில் இல்லாதவரும் 'அங்கிருந்த ஒருவரும்' ஒரே ஆள். ஒரு மனிதரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குற்றவாளி ஆக்கி, மறு பாதியை யாரோ ஒருவர் என்று விட்டிருக்கிறேன். அடுத்தடுத்த பத்தியில்.

ஜூன் 19, வெள்ளி

ஆசிரியர் அந்தப் பெட்டியை மூடச் சொன்னார். பழைய மேலாளர் இப்போதும் இதே பகுதியில்தான் இருக்கிறார், வழக்கு கிழக்கு என்று வந்தால் யார் அலைவது என்கிறார். அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமலில்லை. மூன்று பேர் சொல்லிவிட்டால் உண்மை ஆகிவிடுமா? அன்றைக்கு ஒருவர் சொன்னதையே உண்மை ஆக்கியவள்தானே நான்.

மூடிட்டா நிம்மதியா இருக்குமா? எப்படி இருக்கும். அந்த ஆள் ஒம்பது வருஷமா எங்க இருக்கார், என்ன பண்றார், உயிரோட இருக்காரான்னுகூடத் தெரியாது. எங்கே போனார்னு தலைப்புல கொட்டை எழுத்துல கேட்டேன் — கேட்டுட்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள் தேடினேனா?

கட்டம் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "மூடுறது ஒரு நிமிஷ வேலை சார். ஆனா 'பார்த்ததைச் சொல்லுங்க'ன்னு போட்டிருக்கோமே, அதையும் எடுத்துடணும்."

ஆசிரியர் வெகு நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, நேரில் போய் எல்லோரையும் விசாரித்து எழுத எனக்கு ஒரு வாரம் கொடுத்தார். அதுவரை அந்தப் பெட்டிக்கு வருகிறவை எங்கள் பார்வைக்குப் பிறகே வெளியாகும்.

ஜூன் 22, திங்கள்

'ஆழமில்லாப் பக்கம்' யாரென்று தெரிந்துவிட்டது. பதிவு செய்த மின்னஞ்சலுக்கு எழுதியிருந்தேன்; கடைக்கு வாருங்கள் என்று பதில் வந்தது. துணிகளை அளவு குறைத்துத் தைத்துத் தரும் சின்னக் கடை. அந்தச் சிறுமியின் அம்மா.

உயிர்காப்பாளரின் மனைவி, நண்பர், மேலாளரோடு பகை உள்ள யாரோ என்று என்னென்னவோ நினைத்துவைத்திருந்தேன். அம்மா என்று தோன்றவேயில்லை.

கால்சட்டை ஒன்றின் விளிம்பைப் பிரித்தபடியே பேசினார். மகள் ஆழம் குறைந்த பக்கத்தில்தானே நிற்கிறாள் என்று, அன்று குளத்தோரம் உட்கார்ந்து தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாராம். திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். பெற்றவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கணவரும் மாமியாரும் கேட்கப்போகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் செய்தி வந்திருக்கிறது.

"நீங்க அவர் மேல எழுதினது எனக்கு வசதியா இருந்துச்சு" என்றார். "எல்லாரும் அவரைத் திட்டினாங்க. என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. பிள்ளையைத் தூக்கி என் கையில குடுத்ததே அவர்தான். நான் வாயைத் திறக்கல."

ஏன் இப்போது என்று கேட்டேன். மகளுக்குப் பதினாறு வயது. புதிய தளத்தில் எதையோ தேடப்போய் அந்தச் செய்தி கண்ணில் பட்டு, என்னைத் தூக்கினது யாரும்மா என்று கேட்டிருக்கிறாள்.

"அவகிட்டப் பொய் சொல்ல வாய் வரல. செய்திக்குக் கீழயே எழுத இடமும் இருந்துச்சு."

பிரித்த விளிம்பை மறுபடி தவறான இடத்தில் மடித்தார். பிறகு அதையும் பிரித்தார்.

ஜூன் 25, வியாழன்

உயிர்காப்பாளர் தம் பழைய எண்ணிலேயே கிடைத்தார். ஒன்பது வருடமும் அதே எண்தானாம். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பாரோ என்னவோ.

மரச்சாமான் கிடங்கில் மேற்பார்வை வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அலமாரிகளுக்கு நடுவே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது நாற்காலிகள்; அசைந்தால் சத்தம். வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பு அந்தச் சத்தத்தில் பாதிதான் வெளியே வந்தது.

"நான் அதைப் படிச்சதே இல்லீங்க" என்றார். "மத்தவங்க படிச்சாங்க. அது போதுமா இருந்துச்சு."

மேலாளர் அனுப்பியது உண்மைதான் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமூச்சு. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "போறதுக்கு முன்னாடி எல்லாரையும் தண்ணியை விட்டு வெளிய வரச் சொல்லியிருக்கணும். ரெண்டு நிமிஷத்துல வந்துடலாம்னு நெனச்சேன். எழுதறதா இருந்தா அதையும் எழுதுங்க. பாதி எழுதாதீங்க."

கிளம்பும்போது கேட்டார்: "அந்தப் பொண்ணு இப்ப நீந்துதா?"

தெரியவில்லை. அவள் அம்மாவிடம் நான் அதைக் கேட்கவில்லை.

ஜூன் 26, வெள்ளி

கேட்டேன். இல்லையாம். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே விட்டதில்லையாம். உயிர்காப்பாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

ஜூன் 27, சனி

திருத்தம் வெளியானது. முகப்பில், முதல் செய்தியாக. பழையதை அழிக்காமல் கீழேயே வைத்தோம். அன்று எழுதியது நான், ஒருவரை மட்டும் கேட்டு எழுதினேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். மேலாளரை ஐந்து தடவை கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை எடுத்து, ஞாபகமில்லை என்றார். அதையும் போட்டேன். சிறுமியின் அம்மா, தான் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் போடச் சொன்னார். உயிர்காப்பாளர் சொன்ன அந்த இரண்டு நிமிடத்தையும் எழுதினேன். அதை எழுதத்தான் கை ஓடவில்லை.

வெளியிடும் பொத்தானை ஆசிரியரே அழுத்தினார்.

சாயங்காலத்துக்குள் நூற்றுக்கு மேல் கருத்து. பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் "தாமதம்" என்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எத்தனை என்று கேட்கவில்லை. தட்டு வைத்தார். சாப்பிட்டேன்.

ஜூலை 9, வியாழன்

காலையில் வாசகர் அனுப்பிய செய்தி ஒன்று. மரச்சாமான் கிடங்குக்கு எதிரே நடைபாதையில் மூடியில்லாத குழி. இரண்டு மாதமாக அப்படியே கிடக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் நூறு பிள்ளைகளாவது அந்த வழியாகப் போகிறார்கள். பக்கத்தில் செருப்பை வைத்து, அகலம் தெரியும்படி எடுத்த படம். பன்னிரண்டு வரி. பழக்கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், பள்ளிக் காவலாளி என்று மூன்று பேரைக் கேட்டு எழுதியிருக்கிறார்.

மதியம் போய்க் குழியை நானும் பார்த்துவிட்டு வந்தேன். சொன்னபடிதான் இருக்கிறது. இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தார், போட்டேன். எழுதியவரைப் பற்றி ஒரு வரி கேட்கும் இடத்தில் பெயருக்குப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பொது நீச்சல் குளத்தில் பதினோரு வருடம் உயிர்காப்பாளர்.' அதில் கை வைக்கவில்லை. நாலு மணிக்கு வெளியிட்டோம்.