பத்தொன்பது தாள்களில் ஒரே வரி

அன்பு மகள் நூபியாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் இருக்கிறோம், சரகோசாவில் நீயும் அப்படியே இருக்கக் கன்னிமாதா காக்கட்டும். இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை, என் கையே எழுதுகிறது. இதுவரை எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது, ஆனாலும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மழையில் மேல்தெரு சரிந்தது, நம் வீட்டுக்கு ஒன்றுமில்லை.

எங்கள் காப்பி ஆலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு, ஆண்டுக்கொரு முறை அவரோடு உட்கார்ந்து, அடுத்து எந்த வேலைக்குப் போக விருப்பம் என்று ஒரு தாளை நிரப்ப வேண்டும். என் வழிகாட்டி உன் ஞானத்தகப்பன் அபெலார்தோதான், நான் மூட்டை தூக்கும் கிடங்கின் மேலாளர். ஒவ்வொரு ஆண்டும் நான் ருசி அறை என்றே சொல்வேன், காப்பியைக் கரண்டியால் உறிஞ்சித் தரம் சொல்வார்களே, அந்த அறை. உன் திருமுழுக்கு நாளிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதானே கூப்பிடுகிறோம். "எழுதிட்டேன் கொம்பாத்ரே, விரலை வைங்க" என்பார். மை தொட்டு வைப்பேன். நம் பிள்ளையைத் திருமுழுக்குக்குத் தூக்கி நின்றவர் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது நம் ஊரில் யார் செய்வார்?

போன மாதம் பணியாளர் அலுவலகத்து மார்லெனி, எப்போதும்போல மரியாதையாக, "தோன் எலியேசர், இப்பதான் படிக்கத் தெரியுமே, உங்க ஃபைலை நீங்களே பாருங்க" என்று கொடுத்தாள். பத்தொன்பது தாள். முதல் தாளை எழுத்தெழுத்தாக விரல் வைத்துத் தடவாமலே படித்துவிட்டேன், அந்த மகிழ்ச்சியில் அவளுக்கு உரக்கப் படித்தும் காட்டினேன். இவருக்கு மூட்டைக் கிடங்கே போதும், வேறு வேலை கேட்கவில்லை என்று இருந்தது. அவள் முகம் மாறிய பிறகுதான் அது என்னைப் பற்றியது என்று உறைத்தது. மற்ற பதினெட்டிலும் அதே வரி.

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல இருக்கிறது. அன்று மதியம் வழக்கம்போல அபெலார்தோவோடு ஒரே பலகையில் உட்கார்ந்து அரேப்பா ரொட்டியைப் பிட்டு அவருக்குப் பாதி கொடுத்துவிட்டு, ஏன் என்று கேட்டேன். "படிக்கத் தெரியாத ஆளை அங்க அனுப்பினா அந்த வெள்ளைக்கோட்டுக்காரனுங்க சிரிப்பானுங்க கொம்பாத்ரே" என்றார். ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, "நீங்க போயிட்டா என் கிடங்கை யாரு பாப்பா?" என்றார். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். மீதியைத் தின்று முடித்தோம்.

வெள்ளிக்கிழமை இந்த ஆண்டுத் தாள் வந்தது, ஓய்வுக்கு முன் கடைசித் தாள். பேனாவை நான் எடுத்துக்கொண்டேன். எழுதி நீட்டினேன், பார்க்காமலே கையெழுத்துப் போடப் போனார். "கொம்பாத்ரே எழுதினதை நான் படிச்சு வேற பாக்கணுமா?" என்றார். படிங்க என்றேன். நெடுநேரம் படித்தார், இரண்டே வார்த்தைதான். பிறகு போட்டார்.

திங்கள் முதல் ருசி அறையில் கோப்பை கழுவுகிறேன், ஓய்வுக்குப் பதினொரு மாதம் இருக்கிறது. நேற்று ஒரு கரண்டி கொடுத்தார்கள். நாக்கு இன்னும் நன்றாக இருக்கிறது.

நீ வேலை பார்க்கும் மருத்துவமனையிலும் வழிகாட்டி என்று ஒருவர் உன்னோடு உட்கார்ந்து தாள் எழுதுவார், எவ்வளவு நல்லவராயிருந்தாலும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பன்னிரண்டாம் தேதி உன் ஞானத்தகப்பனின் பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு. அவரிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

கடவுள் உன்னைக் காக்கட்டும், மகளே.

உன் அப்பா,
எலியேசர் கிசெனோ
(விரல் இல்லை, கையெழுத்து)